பாதி துரு

ரெட்டேரி சிக்னல் தாண்டி,
வெல்டிங் பட்டறைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
யாசீனின் ஷெட்.
பதினோரு நாளாக அங்கேதான் கிடக்கிறது வண்டி.
வலது முன்சக்கரம் நேராக வாசலைப் பார்க்கிறது.
இடது, தனக்கு மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரி
சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.

"பம்பர், லைட்டு எல்லாம் உட்ருங்க சார்.
அது மூஞ்சி. பவுடர் அடிச்சா சரியாய்டும்.
கீழ பாப்போம்."

பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான்.
ஜாக்கி ஏற ஏற
காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது,
இருநூறடி சாலையின் சேறு.
ஷாக் அப்சார்பரை விரலால் துடைத்து முகர்ந்தான்:
எண்ணெய் கசிந்திருக்கிறது.
லோயர் ஆர்ம் வளையவில்லை என்றான்,
வளைந்திருந்தால் கூடச் சந்தோஷப்பட்டிருப்பான் போல,
எதையோ தேடுகிற குரல்.

"உள்ள உக்காந்து ஸ்டியரிங்கைத் திருப்புங்க.
வலது பக்கம். மெதுவா."

உட்கார்ந்தேன்.
சீட் அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது.
முழங்கால் இடிக்க, திருப்பினேன்.
"வலது கேக்குது சார்.
இடது கேக்கல."

நான் வலப்பக்கம்தான் திருப்பினேன்
என்று அன்றைக்கு அவள் சொன்னாள்.
நடைபாதையில் வைத்து,
நெற்றியில் கண்ணாடித் தூளோடு,
சாய்ந்த மின்பெட்டியைப் பார்த்தபடி.
ஜூஸ் கடைக்காரர் சிரித்தார்.
லேடீஸ் ஓட்டினாலே இப்படித்தான் என்றது ஒரு ஹெல்மெட்.
கீழ்ப்பாக்கத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டரிடம்
பதட்டத்தில் மாற்றித் திருப்பியிருப்பாள் என்று
சொன்னது மட்டும்
நான்.

யாசீன் வெளியே வந்தான்.
உள்ளங்கையில் கட்டைவிரல் அளவு இரும்பு.
டை ராட் எண்ட்.
முறிந்த முகத்தை வெயிலுக்குக் காட்டினான்.
பாதி பளபளப்பு,
அப்போதுதான் அறுத்த வெள்ளி.
பாதி பழுப்பு.
"இந்த வெள்ளை அன்னிக்கு உடைஞ்சது.
இந்தத் துரு, ரெண்டு மூணு மாசமா
உள்ளயே கீறிக்கினு இருந்தது.
சத்தம் வந்திருக்குமே சார்?"

வந்தது.
ஆடி மாதத்தில்,
மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டி மூடாத தெருவில்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டக்.
பள்ளிக்கூட பீஸ் கட்டின மாதம் அது.
சர்வீஸுக்கு அடுத்த மாதம் விடலாம் என்று
எஃப்எம்மைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.
அடுத்த மாதமும்
கொஞ்சம்.

குரலைத் தாழ்த்திக்கொண்டான்:
"நாளைக்கு சர்வேயர் வராரு.
பழைய தேய்மானம்னு இதக் காட்டி காசை வெட்டுவான்.
ஓரமாப் போட்டுரட்டா?"

குடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.
எதற்காகச் சொன்னேன் என்று
அப்போது எனக்குத் தெரியாது.
இப்போதும் முழுசாகத் தெரியாது.
தினசரித் தாளில் சுற்றி
சட்டைப்பையில் போட்டேன்.
நாற்பத்தேழு டி-யில் நின்றுகொண்டு வந்த வழியெல்லாம்
பையை ஒரு பக்கமாக இழுத்தது.

வசுமதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்,
வலது தோளில் கட்டு,
இடது கையில் ஸ்பூன்.
எவ்வளவு ஆகுமாம் என்றாள்.
நான் தாளைப் பிரித்து
மாத்திரை டப்பா பக்கத்தில் வைத்தேன்.
யாசீன் சொன்னதைச் சொன்னேன்,
வெள்ளை, துரு, எல்லாம்.
நீ சரியாகத்தான் திருப்பியிருக்கிறாய் என்று
பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி சொன்னேன்.

எடுத்துப் பார்த்தாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
விரலில் கிரீஸ் ஒட்டியது.
"அந்த டக் சத்தம்
உனக்கும் கேட்டுச்சு இல்ல?"

என் கை தானாக எழுந்து
ஒரு குமிழைத் தேடியது.
வீட்டில் அது
இல்லை.