வருகைப் பதிவேடு

எதிர்ப்பு நாற்பத்தொன்று, ஆதரவு முப்பத்து மூன்று,
ஆறு பேர் எழுந்து போயிருந்தார்கள்.
அவ்வளவுதான் சொன்னது பலகை.
பெயர் என்று ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஐநூறு மீட்டருக்குள்
மருந்தடிக்கும் விமானம் பறக்கக் கூடாது.
ஒன்றரைப் பக்கச் சட்டம்.
அசுன்சியோனில், குளிரூட்டிய மண்டபத்தில்,
மேசைக்கு அடியிலிருந்த பொத்தானை அழுத்தி
அதை முடித்துவைத்தார்கள்.
விரல்களை யாரும் பார்க்கவில்லை.

நான் நிமியா ஒவெலார்.
நாலு பக்கமும் சோயா, நடுவில் என் ஒற்றை அறைப் பள்ளி.
காலை ஏழு மணிக்கு முப்பத்தொரு பெயர் கூப்பிடுவேன்.
‘உள்ளேன் டீச்சர்’ என்று குவாரனியில் ஒருவன்,
ஸ்பானிய மொழியில் ஒருத்தி,
வாய் நிறைய ரொட்டியோடு ஒருவன்.
வராத பிள்ளைக்கும் பெயர் உண்டு.
விமானம் போன மறுநாள்
‘உள்ளேன்’கள் குறையும்.

குளிர்கால விடுமுறையில் புதுப் பதிவேடு ஒன்று வாங்கினேன்.
எண்பது பெயர்களை எழுதினேன்.
பேருந்து, காத்திருப்பு அறை, ஆறிப்போன காப்பி,
மறுபடி பேருந்து.

பெனிக்னோ சால்டிவார் என் கையை விடவேயில்லை:
‘என் அம்மாவும் டீச்சர்தான். நான் ஆதரவு.’
அடுத்த அறையில் ஒருவர் கோபித்துக்கொண்டார்,
‘இதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வியா?’
இன்னொருவர் கண் கலங்கினார்.
இன்னொருவர் பேருந்துக்குக் காசு கொடுக்கப் பார்த்தார்.

கூட்டிப் பார்த்தேன். ஆதரித்தவர்கள் அறுபத்தேழு.
மறுபடி கூட்டினேன்,
எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சரும் நான்தான்.
அறுபத்தேழு.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், தெரியும்.
முப்பத்து நான்கு பூசணிக்காய்க்கு
எத்தனை அண்டா சோறு வேண்டும்?

ஹெர்மிலா பயோனா மட்டும்
கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.
‘வெளிச்சம் வேண்டும் என்கிறாய்.
எங்கள் கட்சித் தலைவருக்கு இருபதாயிரம் ஹெக்டேர் சோயா.
இருட்டாக இருந்ததால்தான்
அன்றைக்கு என் விரல் பச்சைக்குப் போயிற்று.
நாளைக்குப் பெயர் போட்டு ஒட்டினால்
முதலில் படிக்கப்போவது நீயா, அவரா?’

எனக்குப் பதில் வரவில்லை.
நிஜமாகவே இருக்கலாம்.
பொய் சொன்னவர்களும் இதே வார்த்தையைத்தானே சொன்னார்கள்.
கள்ளனுக்கும் அவருக்கும்
ஒரே போர்வையைப் போர்த்தியிருக்கிறது அந்த இருட்டு.
அவர் பெயருக்கு நேரே
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அக்டோபரில் அந்தத் தீர்மானம் வந்தது:
இனி யார் எப்படி வாக்களித்தார் என்பதைப்
பெயரோடு வெளியிட வேண்டும்.
அதற்கும் பெயரில்லாமல்தான் வாக்கெடுப்பு.

பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று
பதிவேட்டைத் திறந்தேன்.
‘அகோஸ்தா, தெல்பின்.’
கத்தவில்லை. வகுப்பறைக் குரல்தான்.
‘அல்தெரெத்தே, சிம்போரியானோ.’
கீழே சிரித்தார்கள். அவைத்தலைவர் மணி அடித்தார்.
ஒன்பதாவது பெயரில் காவலர் வந்துவிட்டார்,
பாவம், சின்னப் பையன்,
முழங்கையைத் தொடவே கூச்சப்பட்டான்.
‘பயோனா, ஹெர்மிலா’ என்றபோது
வாசலுக்கு வந்திருந்தோம்.
உள்ளே ஒரு நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம்,
யாரோ எழுந்ததைப் போல.
திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

முடிவைப் பேருந்து வானொலியில் கேட்டேன்.
எதிர்ப்பு நாற்பத்து நான்கு.
ஓட்டுநர் பாட்டுக்கு மாற்றினார்.

திங்கட்கிழமை ஏழு மணி.
‘ரூஃபினோ.’
மறுபடியும், ‘ரூஃபினோ.’
‘ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தான் டீச்சர்’
என்றாள் அவன் தங்கை.
தேதியைப் போட்டு, பெயருக்கு நேரே
வரவில்லை என்று எழுதினேன்,
மையால்.