தனி வளை

ஒன்றரை மணிக்கு மின்சாரம் ஒருமுறை கண்சிமிட்டியது.
இயந்திரம் விழுந்து, எழுந்து,
வரைபடத்தைத் திரும்ப விரித்தது.
டான்யூப் நதி, அதன்மேல் பதினோரு படகுகள்,
வெளியே ஜன்னலில் பனியைத் தவிர எதுவுமில்லை.
திரையின் நட்டநடுவே
லாஸூர் என்ற படகின் பெயர்மேல்
அம்புக்குறி உட்கார்ந்திருந்தது.
அசைத்தேன்.
உட்கார்ந்தே இருந்தது.

மேசையில் இரண்டு தட்டு தட்டினேன்.
கம்பியை உருவி மாட்டினேன்.
ஊதினேன், எதை ஊதினேன் என்று தெரியாமல்.
அடிவயிற்றில் சிவப்பு விளக்கு எரிகிறது.
உயிர் இருக்கிறது, பேச்சுமூச்சுதான் இல்லை.

யாஸென் பகல் ஷிப்ட்.
நாற்காலியைத் தன் கால்களுக்கு உயர்த்திவிட்டுப் போகிறவன்.
காலையில் ஏழு நிமிடம், மாலையில் ஏழு நிமிடம்
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கிறோம்.
மிச்சமெல்லாம் மஞ்சள் சீட்டில்.
இன்றைய சீட்டு:
‘ரோஸிட்ஸா, புது மவுஸ் போட்டிருக்கிறேன்.
ஃபைலில் ஒரு வரியும் சேர்த்தேன். இனி பறக்கும்.’

பறக்கிறது.

லாஸூரின் மாலுமி வானொலியில் ருமேனிய மொழியில்
மூன்றாம் நங்கூரத் துறை காலியா என்கிறார்.
பொறுங்கள் என்கிறேன் பல்கேரிய மொழியில்.
இந்த ஆற்றில் அவ்வளவு போதும்.

மூன்று விசைகளை ஒருசேர அழுத்திக்
கறுப்புத் திரைக்கு இறங்கினேன்.
ரூட் கடவுச்சொல், யாஸெனின் நாயின் பெயர்,
ஊருக்கே தெரியும்.
கையைத் தவறுதலாக மவுஸில் வைத்தபோது
வெள்ளைக் கட்டம் ஒன்று
எழுத்துகளின்மேல் ஓடியது.

இங்கே ஓடுகிறாய்.
மேலே போனால் கல்லாகிறாய்.
யாரைக் கண்டு பயம் உனக்கு?

பதிவேட்டைத் திறந்தேன்.
எண்ணூறு வரி. மலையைக் கெல்லுகிற வேலை,
அகப்படப்போவது எலிதான் என்று
முன்கூட்டியே தெரிந்த ஒரே மலை.
எழுத்துருக்கள், விசைப்பலகை, திரையின் அகலம்,
எல்லாம் சரி, எல்லாம் சரி,
அறுநூற்றுச் சொச்சத்தில்:
சாதனம் திறக்கவில்லை. வேறொருவர் பிடியில்.

அந்த வேறொருவரைப் பிடிக்க ஒரு கட்டளை.
இயந்திரம் எழுந்ததும் முதல் ஆளாக எழுந்து
சுட்டியின் வாயருகே காதை வைத்துக்கொள்ளும்
பின்னணிக் காவலாளி. அதற்கு டீமன் என்று பெயர்.
பேய்தான், ஆனால் சாதுவான பேய்,
கேட்டதைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லும்.
யாஸெனின் வரியோ
வரைபடத்தையும் அதே வாய்க்கு நேராக அனுப்பியிருக்கிறது.
எலி வளையானாலும் தனி வளை.
முந்தியது பிடித்துக்கொண்டது,
பிந்தியது கதவைத் தட்டிவிட்டு
ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

இத்தனை நேரமும் அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மேலே, கீழே, இடது, இடது,
என் மணிக்கட்டின் ஒவ்வொரு எரிச்சலும்
ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது
நான் பார்க்காத ஓர் அறைக்கு.

மாற்றியது ஒரே சொல்:
சுட்டியிடம் போகாதே, காவலாளியிடம் கேள்.
வரைபடம் அணைந்து எரிந்தது.
அம்பு லாஸூரை விட்டு வழுக்கி
மூன்றாம் துறைக்கு வந்தது.
காலி, என்றேன் வானொலியில்.
முல்ட்சுமெஸ்க், என்றார் அவர். அது எனக்குப் புரியும்.

யாஸெனின் வரியை அழிக்கவில்லை.
அதன் தலையில் ஒரு ஹாஷ் குறி போட்டேன்.
இயந்திரம் படிக்காது,
மனிதன் படிக்கலாம்.
அதன் கீழே இன்னொரு ஹாஷ் போட்டு எழுதினேன்:
யாஸென், வரி தப்பு, மவுஸ் நல்ல மவுஸ்.
நாற்காலியை மட்டும் விட்டுவிடு.

மணி இரண்டு இருபது.
நெம்புகோலை இழுத்தேன்,
நாற்காலி பெருமூச்சோடு இறங்கியது.