நாற்பத்தொரு நொடி

மொண்டேவீடியோவில் ஜூலை என்றால் குளிர்.
ஆற்றுக் காற்று பொத்தான் துளை வழியாகவும் நுழையும்.
நிறுத்தத்தில் ஒன்பது பேர் இருந்தோம்.
பத்தாவதாய் வந்தவர்
வலைப்பை நிறையக் கமலா ஆரஞ்சு வைத்திருந்தார்.
பதினோராவது ஆள்
சாலையைக் கடந்து நேராக அவரிடம் வந்தான்,
மணி என்ன என்று கேட்க வருகிறவனைப் போல.

முதல் அடி
அடி மாதிரியே கேட்கவில்லை.
பக்கத்து மாடியில் யாரோ கம்பளம் உதறுகிறார்கள்,
ஞாயிற்றுக்கிழமை அல்லவா,
என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே நின்றேன்.

எபேர் அக்குளில் ஃப்ளாஸ்க்கை இடுக்கி
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
"எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது"
என்று பிறகு காவல் நிலையத்தில் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.
நெலிதா பேருந்து வரும் திசையையே பார்த்தாள்.
விடாமல் பார்த்தால்
அது சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல.
சீருடைப் பையன் ஒருவன் போனைத் தூக்கினான்.
அதில் பதிவானது கொஞ்சம் வானம்,
அவனுடைய இடது காலணி,
மூச்சு.

யாரோ "ஏய்" என்றார்கள்.
பால் சட்டியில் வாய் வைக்கும் பூனையை அதட்டுகிற அளவுக்கு.
அது நான்தான் என்று
தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.
கேமராவில் ஒலி இல்லை.

அவன் ஓடவில்லை. நடந்தே போனான்.
நாங்கள் விலகி வழி விட்டோம்.
அவன் தோள் தன் மீது உரசியதற்கு
ஒருவர் "மன்னிக்கணும்" என்றார்.
அவர்தான் சொன்னார், அவன் இல்லை.

பழங்கள் உருண்டுகொண்டிருந்தன.
எங்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.
ஒன்பது பேரும் குனிந்தோம்.
சாக்கடை ஓரத்தில், பெஞ்சுக்கு அடியில்,
நின்றிருந்த டாக்ஸியின் சக்கரத்துக்குப் பின்னால்,
ஒன்று விடாமல் பொறுக்கினோம்.
எபேர்கூடக் குடுவையைக் கீழே வைத்தார்.
அடி வாங்கியவர் நடைபாதையில் உட்கார்ந்து
காதைப் பொத்தியிருந்தார்.
விரல்களுக்கு நடுவே சிவப்பு.
பையை அவர் மடியில் வைத்தோம்.
"நன்றி" என்றார்.
எங்களுக்கு.

எந்தக் கையால் அடித்தான் என்று கேட்டார்
சார்ஜென்ட் எச்செவெர்ரி.
வலது என்றோம், இடது என்றோம்.
குல்லா இருந்தது என்றோம், மொட்டைத் தலை என்றோம்.
ஒன்றில் மட்டும் ஒன்பது வாயும் ஒத்துப்போயின:
"கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது ஐயா,
இல்லாவிட்டால் நாங்கள்..."
அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மூலையில் எண்கள் ஓடின.
நாற்பத்தொரு நொடி.
அதில் என்னைப் பார்த்தேன்.
ஒருமுறை எடையை
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது
பையில் ஏதோ கனத்தது.
ஒரு கமலா ஆரஞ்சு.
பொறுக்கினேன், கொடுக்கவில்லை போல.
திருப்பித் தர அவர் பெயர் தெரியாது.
கேட்கவும் தோன்றவில்லை யாருக்கும்.

விளக்கைப் போடாமல்
சமையலறையில் நின்று எண்ண ஆரம்பித்தேன்,
எண்ணிக்கொண்டே உரித்தேன்.
ஐந்தில் நகம் இறங்கியது.
பதினெட்டில் வாசனை கூடத்துக்குப் போய்விட்டது.
இருபத்தாறில்
தோல் முழுதாகக் கழன்று வந்தது.

மீதிப் பதினைந்து நொடி
உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றேன்.