ஆவுளியாவின் கக்கம்

சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்:
கழிவுப் பொருளில் கடல்வாழ் உயிரினம்,
பள்ளிக்கு ஒன்று, பதினாறாம் தேதிக்குள்.
செலவுக்கு யார் என்று இல்லை.

நான் பகுதிநேர ஓவிய ஆசிரியன்.
வாரத்தில் மூன்று அரைநாள்.
மற்ற நாளில் பட்டுக்கோட்டை ஷெட்டில்
லாரிகளின் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ எழுதுகிறவன்.
ஆளுக்கொரு குப்பை கொண்டுவாங்க என்றேன்
பூ கொண்டுவரச் சொல்வதுபோல.

மறுநாள் வகுப்பு நாறியது.
துறைமுகத்து அறுந்த வலை,
ஐஸ் பெட்டியின் உடைந்த தெர்மாகோல்,
டிஏபி சாக்கு, மோட்டார் கொட்டகையின் வெடித்த குழாய்,
இருமல் மருந்துப் புட்டி.
செருப்புகள் பதினொன்று.
அதில் ஒன்பது இடது கால்.
வலதெல்லாம் எந்தக் கரைக்குப் போயினவோ.
புது ஆற்றின் கடைமடை இது.
திறந்துவிட்ட தண்ணீர் வருவதற்கு முன்பே
மேலே உள்ளவர்கள் குடித்த பாட்டில்கள்
மதகில் வந்து முட்டி நிற்கும்.

நிதர்சன் ஒரு பாட்டிலை நீட்டினான்.
உள்ளே இன்னும் நுரை.
“காலையில வாங்கினேன் சார், இருவது ரூவா.
பெல் அடிக்கிறதுக்குள்ள குடிச்சு முடிச்சேன்.”
குப்பைக்காகக் காசு கொடுத்த பிள்ளையை
என்ன சொல்லித் திட்டுவது?
ஏப்பம் விட்டான். வகுப்பே சிரித்தது.

மஃரூபா வெறுங்கையோடு நின்றாள்.
“எங்க வூட்டுல குப்பை இல்ல சார்.”
அதெப்படி இல்லாமல்?
“பாட்டில்ல எண்ணெய் வாங்குவோம்.
சாக்கு கதவா இருக்கு.
கிழிஞ்ச வலை வேலியா இருக்கு.
செருப்பு...”
குனிந்து காலைப் பார்த்தாள்.
சரி உட்காரு என்றேன்,
கரும்பலகையைப் பார்த்தபடி.

கடல்பசு என்று முடிவானது.
இந்தக் கரையில் அதற்கு ஆவுளியா என்று பேர்.
நான் பார்த்ததில்லை. கைபேசியில் ஒரு படம், அவ்வளவே.
மூங்கில் பிளாச்சால் விலா எலும்பு,
சாக்கைத் தைத்துத் தோல்,
ஒன்பது இடது செருப்புகளில் துடுப்பும் வாலும்.
மூஞ்சி மட்டும் வரவேயில்லை.
பன்னி என்றான் ஒருவன்.
எங்க மாமா என்றாள் சிவதாரணி.

“மடி வைக்கலையே சார்.”
மஃரூபாதான்.
பையன்கள் நெளிந்தார்கள்.
நான் காது கேளாதவன்போல் வாலைத் தைத்தேன்.
அவள் விடவில்லை.
“வயித்துல இல்ல சார். கக்கத்துல இருக்கும், கைக்குக் கீழ.
வாப்பா வலையில ஒண்ணு மாட்டுச்சு.
இடுப்பளவு தண்ணியில நான் கயித்தப் புடிச்சிருந்தேன்.
குட்டி அந்தக் கக்கத்துல மூக்க வச்சுக்கிட்டு
போவே மாட்டேங்குது.
வாப்பா கத்தியெடுத்து வலைய அறுத்துட்டாஹ.”
கொஞ்சம் நிறுத்தி,
“அந்த வலைதான் இப்ப வேலி.”

நிதர்சன் தன் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தான்.
இன்னொன்று இருமல் மருந்து மூடி.
ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.
இரண்டையும் அவளே தைத்தாள்,
பல்லால் நூலைக் கடித்து.

பார்க்க வந்த அதிகாரி குனிந்து
இதென்ன பட்டனா என்று கேட்டார்.
தலைமையாசிரியர் இருமினார்.
“பால்” என்றாள் மஃரூபா.
மூன்றாம் பரிசு.
முதல் பரிசு ஒரு டால்பினுக்கு.
அதன் பாட்டில்களில்
விலைச்சீட்டுக்கூடக் கழலவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் அடைமழை.
பள்ளி திறந்தபோது
வராந்தாவில் ஆவுளியா இருந்தது,
முதுகுத் தோல் இல்லை.
விலா எலும்புகளின் வழியே
எதிர்ச்சுவரின் வாய்ப்பாடு தெரிந்தது.
கிழித்த மாதிரி இல்லை,
தையல் தையலாகப் பிரித்திருந்தது.

யார் வேலை என்று கேட்டார் தலைமையாசிரியர்.
வகுப்பில் யார் தலைமுடி நனைந்திருக்கிறது என்று
நான் பார்க்கவில்லை.
இருப்புப் பதிவேட்டில்
சேதம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு
எழுதினேன்:
சாக்கு, ஒன்று. உபயோகத்தில் உள்ளது.

கக்கத்தில் இரண்டு மூடிகளும் அப்படியே.
பிரித்த நூலைச் சிக்கில்லாமல் சுருட்டி
வயிற்றுக்குள் வைத்துப் போயிருந்தார்கள்.