தொண்ணூற்று ஒன்பதரை

தடுப்பூசி வந்த தெர்மாகோல் பெட்டி
புதுவயலில் எங்கள் மருந்துக்கடைப் பின்கட்டில்
மூன்று மாதம் சும்மா கிடந்தது.
மூடியில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது:
இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்கவும்.
கிழிக்கப் பார்த்தேன்.
தெர்மாகோலும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.
விட்டுவிட்டேன்.

நாற்பது வாட் குண்டு பல்பு.
செத்த கம்ப்யூட்டரிலிருந்து
காஜா முகைதீன் கழற்றித் தந்த காற்றாடி.
சூடு ஏறினால் அணைத்து, இறங்கினால் ஏற்ற
தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட்.
சோப்பு டப்பாவில் தண்ணீர்.

காடை முட்டை முப்பது.
யாரோ மைப்பேனாவை உதறிய மாதிரி ஒவ்வொன்றும்.
புரட்டியது தெரிய வேண்டுமே என்று
பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் சுழி.
புள்ளிகளுக்குள் சுழி தொலைந்துபோய்
சிலதை இரண்டு தரம் புரட்டியிருப்பேன்,
சிலதைப் புரட்டாமலே.

தொண்ணூற்று ஒன்பதரை.
கல்லாவுக்கு எதிரே ஒருத்தி
பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி
இந்த எண்ணைச் சொன்னால்
சிரப்பை எடுத்து நீட்டுவேன்.
ராத்திரி பதினொரு மணிக்கு
அதே எண்ணைப் பார்த்துவிட்டு
நிம்மதியாகப் படுக்கிறேன்.

பதினோராம் நாள்
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை.
அரிசி ஆலைகள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்த
ஊருக்கே காது அடைத்துக்கொண்டது.
விற்காத வெந்நீர்ப் பை இரண்டு கடையில் இருந்தன.
கொப்பம்மாள் அடுப்புக்கும் பெட்டிக்கும் நடந்து நடந்து
மாற்றி மாற்றி வைத்தாள்.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. மறுபடி தொண்ணூற்றாறு.
"நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட
நீங்க இத்தனை தடவை மணி பார்க்கலை."

பதினைந்தோடு புரட்டுவதை நிறுத்த வேண்டும்.
கை கேட்கவில்லை,
சட்டைப்பையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தது.
பதினேழு.
பதினெட்டு. ஒன்றுமில்லை.
பத்தொன்பது விடியுமுன்
பெட்டிக்குள் யாரோ நகம் வெட்டும் சத்தம்.

திறக்கக் கூடாது, ஈரம் போய்விடும்.
மூடியில் பதித்த கண்ணாடிச் சில்லில்
இருவரும் முட்டிக்கொண்டு பார்த்தோம்.
எங்கள் மூச்சே கண்ணாடியை மறைத்தது.
துடைத்தபோது
ஓடு ஒன்று டப்பா மாதிரி திறந்துகிடக்க
பக்கத்தில்
ஈரமாய் ஒரு பெருவிரல் நுனி, கால் முளைத்து,
மல்லாந்து விழுந்து, எழுந்து,
அடுத்த முட்டையின் சுழிமேல் ஏறி நின்றது.

சாயங்காலத்துக்குள் பதினொன்று.
மிச்சம் பத்தொன்பதைக் காதில் வைத்துப் பார்த்தேன்.
கொப்பம்மாளும் வைத்துப் பார்த்தாள்.
பல்பை அணைக்க வேண்டாம், நாளைக்கும் எரியட்டும் என்றாள்.

முட்டைக்குப் பாதிப் பணம் போட்டவர்
காரைக்குடி மெஸ்காரர் வெள்ளைக்கண்ணு.
அவர் எண்ணெய்ச் சட்டியின் சூடு எத்தனை டிகிரி என்று
இதுவரை நான் கேட்டதில்லை.
ஏழு மணிக்குப் போன் செய்தார்.
"எத்தனை தேறுச்சு?"
பதினொன்று.
"அஞ்சு வாரத்துல கைக்கு வந்துருமா?"

உள்ளங்கையில் ஒன்று
என் ரேகையைக் கொத்திக்கொண்டிருந்தது.
ஆறு, என்றேன்.