பாதைக்கும் துறைக்கும் நடுவில்

எங்கட பக்கம் பாதை என்றால்
தண்ணீரில் மிதப்பது.
குருமண்வெளித் துறையில் ஏறினால்
மண்டூரில் இறக்கிவிடும்.
நடக்க வேண்டியதில்லை, நின்றால் போதும்.
ஆனால் ஏற வேண்டும்.

இரும்புத் தட்டுக்கும் சீமெந்துக்கும் நடுவில்
ஒரு முழம்.
அதற்குள் வாவி வந்து வந்து போகும்.
போன ஆவணித் திருவிழாவுக்கு
அந்த ஒரு முழத்தின் முன்னால் நின்றேன்.
வலது கால் போகவில்லை.
பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடித்தன.
பாதைக்காரன் சத்தியசீலனும் இன்னொருத்தனும்
அக்குளில் கை கொடுத்து
நெல்மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வைத்தார்கள்.
முப்பத்தொரு வருடம் மிட்வைஃபாகப்
படுவான்கரை வரம்பெல்லாம் நடந்தவள் நான்.
கோயிலில் என்ன கேட்டுக் கும்பிட்டேன், நினைவில்லை.
அக்குள் மட்டும் இரண்டு நாள் வலித்தது.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, புதன்கிழமை.
ஒரு கதிரை. மூன்று மீற்றர் தள்றித்
தரையில் மஞ்சள் டேப்.
"ஒழும்பி, நடந்து, கிறுகி, வந்து இருங்க அன்ரி."
றிஸ்லா, மருதமுனைப் பிள்ளை.
கையில் போன், போனில் ஓடுகிற நேரம்.
பத்தொன்பது செக்கன்.
கிறுகுவதற்கே ஆறு போய்விட்டது.
"முழங்கால்ல பழுதில்ல" என்று
கெண்டைக்காலை அமத்திப் பார்த்தாள்.
"இது கட்டையாகிப் போச்சு.
கணுக்கால் மடங்குதில்ல,
அதான் எட்டு வைக்காம இழுக்கிறீங்க."

கட்டையாகிப் போச்சு.
பென்சன் எடுத்த பத்து வருடம்
பிளாஸ்டிக் கதிரையில் இருந்து இருந்து
கதிரையின் அளவுக்கே
என் காலை வெட்டித் தைத்திருக்கிறேன்.

சுவரில் இரண்டு கை.
இடது கால் முன்னே, வலது பின்னே.
குதியை நிலத்தில் ஊன்றிச்
சுவரைத் தள்ளுகிறேன். சுவர் போகவில்லை.
பின்காலில் ஒரு கயிறு முறுகி
விடு, விடு என்கிறது.
முப்பது எண்ணச் சொன்னாள்.
எண்ணத் தெரியும் எனக்கு.
மரக்குழாயை வயிற்றில் ஊன்றிக்
காதைக் கொடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து
பிறக்காத எத்தனை நெஞ்சுகளை எண்ணியிருக்கிறேன்.
மூச்சை அடக்காதே, விட்டு விட்டு எடு என்று
எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்.
இப்போது அதே மணிக்கூடு.
பன்னிரண்டிலேயே மூச்சை அடக்கிவிட்டேன்.
ஏசினதை மனதில் வைக்காதீங்க, பிள்ளைகள்.

பக்கத்து மெத்தையில் உதுமாலெவ்வைக் காக்கா.
துவாயைப் பாதத்தில் மாட்டி இழுக்கையில்
பெரிய மீன் பட்டவரின் முகம்.
"வெள்ளாமைக்குள்ள இறங்கின கால் புள்ள,
இப்ப தொழுறதுக்கும் கதிரை கேக்குது."
நாலாம் கிழமை அவருக்கு ஒரு செக்கன் கூடியது.
ஆறாம் கிழமை அவர் வரவில்லை.
துவாய் மட்டும் மடித்தபடி இருந்தது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
நானும்தான்.

வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப்
பதினொரு டைல்ஸ் கல்.
மாசியில் இருபத்தாறு எட்டு.
சித்திரையில் இருபத்திரண்டு.
வைகாசியில் சளி பிடித்துப் படுத்தேன்,
மறுகா இருபத்தைந்து.
கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்,
முன்பு குழந்தைகளின் நிறையை எழுதின அதே எழுத்தில்.
அது கூடினால் நல்லம்.
இது குறைந்தால்.
"என்ன மாமி, விடிய விடியச் சுவரோட சண்டை?"
மருமகளுக்கு மறுமொழி சொல்லவில்லை,
இருபத்தேழில் நின்றேன்.
ஆடியில் பத்தொன்பது.

இன்றைக்குத் திருவிழா.
பாதை வந்து துறையில் முட்டுகிறது.
ஒரு முழம் ஒரு முழமாகவே இருக்கிறது,
வாவி அதற்குள் வந்து வந்து போகிறது.
சத்தியசீலன் என்னைக் கண்டதும்
சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
"தூக்கவா அம்மா?"
"இதைப் பிடி" என்று
குடையைக் கொடுத்தேன்.

குதி முதலில். பிறகு விரல்.
செருப்புக்குள்ளாலும்
இரும்பு சுட்டது.