மூன்றாம் நாள், மாலை நான்கு

ப்ளொவ்திவிலிருந்து இரவுப் பேருந்து.
விடிந்தால் இஸ்தான்புல்.
நான்கு பகல், மூன்று இரவு, நான்கு பேர்.
அட்டவணையை நான்தான் திறந்தேன்,
மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை,
அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருக்க.

ஏழரைக்கு எழுதல்.
எட்டேகாலுக்கு மசூதி, வரிசை நீளுமுன்.
பத்துக்கு நிலத்தடி நீர்த்தொட்டி.
பன்னிரண்டுக்கு அரண்மனை,
அதில் சமையலறைக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.
பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில்
பதினேழு வருடமாகப் பகலைக் கால்மணிகளாக நறுக்கி
ஊராருக்குப் பங்கிடுகிறவள் நான்.
ஒரு நகரத்தை நறுக்கத் தெரியாதா?

கலோயனுக்குப் பதின்மூன்று வயது.
இந்த வருடம் அவனுடைய கால்கள் மட்டும்
யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருக்கின்றன.
அவன் கேட்டது இரண்டே:
படகு. பிறகு, இன்னொரு முறை படகு.
"கரையேறி என்ன பார்ப்பாய்?" என்றேன்.
"திரும்பிப் போகிற படகை."

ஆசென் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
வரைபடத்தின்மேல் மூக்கு உரசத் தேடுகிறான்,
ஏற்றம் எங்கே, உட்கார இடம் எங்கே என்று.
பாலத்தில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறார்களாம்;
தன்னை அங்கே விட்டுவிட்டு
நாங்கள் மூவரும் வரலாற்றைப் பார்த்து வரலாமாம்.

ரதினா?
ரதினா வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.
பதினாறு வயது.
ஒரு காதில் எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டு
மறுகாதை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவள்.
"உனக்கு எங்கே போகணும்?"
தோளை உயர்த்தினாள், ஒரு தோளை மட்டும்.
இரண்டுக்கும் நாங்கள் தகுதியில்லை போலும்.

நால்வருக்கும் அட்டவணையைப் பகிர்ந்துவைத்தேன்,
யாரும் திறக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

அன்றிரவு பதினொன்றரைக்கு
நுழைவுக் கட்டணங்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது
'ஏழரைக்கு எழுதல்' கட்டத்தைச் சுற்றி
ஊதா நிறத்தில் ஒரு கோடு படர்ந்தது.
ஏழரை அழிந்தது. ஒன்பது வந்தது.
ஏழரை என்று திருத்தினேன்.
ஒன்பது.
எட்டு என்றேன்.
சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை.
எட்டரை.
சரி.

நடுவில் ஒரே ஒரு சுவர்.
அந்தப் பக்கம் அவள் கட்டில் கிறீச்சிடுவது கேட்கிறது.
எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு.
வைக்கவில்லை.
ஜன்னலில் குருவி உட்கார்ந்திருக்கும்போது
யாராவது எழுந்து நடப்பார்களா?

ஒரே அறையா? என்று எழுதினாள்.
ஒரே அறைதான். நான்கு கட்டில்.
அப்பா குறட்டை.
அதற்குத்தானே காதில் மாட்டியிருக்கிறாய்.
பதிலுக்கு ஒரு முற்றுப்புள்ளி மட்டும்.
சிரிப்பா, கோபமா,
சுவரில் காது வைத்தும் தெரியவில்லை.

அரண்மனைக்குப் பக்கத்தில்:
இவ்வளவு நேரமா, யாருக்காக?
எனக்காகத்தான்.
அப்படியானால் இருக்கட்டும்.
பழைய துணி விற்கும் தெரு ஒன்றைச் சேர்த்தாள்.
பூனைகள் என்று ஒரு கட்டம்,
இடம், நேரம் எதுவுமில்லாமல்.
நான் ஓர் அருங்காட்சியகத்தை விட்டுக்கொடுத்தேன்.
பாலத்தில் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் கூட்டிவிட்டு
ஓரத்தில் குறித்தாள்:
கலோயனையும் அங்கேயே விடலாம்.

ஒன்றரை மணிக்கு
மூன்றாம் நாள், மாலை நான்கு மட்டும் காலி.
கை துறுதுறுத்தது.
கோபுரம் ஒன்று பாக்கியிருக்கிறது,
அந்தி வெளிச்சத்தில் ஏறவேண்டுமாம்.
'கோ' வரை அடித்திருப்பேன்.
ஊதாக் கோடு வந்து அதே கட்டத்தில் நின்றது.

அம்மா, இங்கே ஒன்றும் போடாதே.

ஏன் என்று கேட்கலாம்.
பகலாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்,
கூடவே இரண்டு யோசனையும் சொல்லியிருப்பேன்.
'கோ'வை அழித்தேன்.
சிறிது நேரம் இருவரும்
அந்தக் காலிக் கட்டத்திலேயே இருந்தோம்.

காலையில் கலோயன், வாயில் ரொட்டி, கையில் போன்:
"மூணாம் நாள் நாலு மணிக்கு ஒண்ணுமே இல்லையே,
படகு போடட்டுமா?"

"கை வைக்காதே" என்றோம், ரதினாவும் நானும்.

ஆசென் காப்பியைக் கீழே வைத்துவிட்டு
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.